ஒரு வீட்டுக்கு ஒரு மூச்சு

போன சனிக்கிழமை காலை ஒரு பண்பலை வானொலிக்காரர்கள் என்னைத் தொலைபேசியில் பிடித்தார்கள். வார இறுதியில் பழைய பாட்டுப் போடுகிற நிகழ்ச்சி. இப்போது எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் சனி, ஞாயிறில் இதுதான் ஓடுகிறது. பெயரில் 'நினைவு' என்றோ 'தேன்' என்றோ ஒரு சொல் கட்டாயம் ஒட்டிக்கொண்டிருக்கும். நடத்துகிற பிள்ளைக்கு முப்பது வயது இருக்கலாம். "அங்கிள், நீங்க ஒரு லெஜன்ட். அந்தக் காலத்து ஸ்வீட் மெமரி ஒன்னு சொல்லுங்க. ஒன்றரை நிமிஷம் இருக்கு" என்றாள். சரி, லைனில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்னிடம் வருவதற்கு முன் அவள் வாட்ஸ்அப்பில் வந்த பெயர்களை வாசித்தாள். வாசித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூட்டையை அவிழ்த்து வெங்காயம் கொட்டுகிற மாதிரிக் கொட்டினாள். "நாவலப்பிட்டியில இருந்து குமார், சாந்தி. இந்த க்யூட் ஜோடிக்கு நம்ம ஸ்பெஷல் வாழ்த்துகள்" என்றாள். நான் பிறந்த ஊர் நாவலப்பிட்டி. அந்தக் குமாரையும் சாந்தியையும் எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிற அண்ணன் தங்கை.

"பிள்ள, அவங்க ஜோடி இல்ல. அண்ணன் தங்கச்சி" என்றேன்.

"ஐயோ அங்கிள், ஸோ ஃபன்னி" என்று சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் பாட்டு வந்துவிட்டது. பாட்டின் தொடக்க இசைக்கு மேலேயே ஏறி நின்று பேசினாள். அத்தோடு என் ஒன்றரை நிமிடமும் போய்விட்டது. மறுநாள் குமாருக்கு எடுத்து, "கேட்டியாடா?" என்றேன். "யாருண்ணே முழுசா கேக்குறா? பேர அனுப்பிட்டு கடையத் தொறக்கப் போயிட்டேன்" என்றான். தங்கையும் கேட்கவில்லையாம். நேயரும் கேட்பதில்லை, அறிவிப்பாளரும் பார்த்து வாசிப்பதில்லை. நடுவில் பாவம், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இனிப்பு எதிர்பார்ப்பவர்கள் வேறு பக்கம் பார்க்கலாம்.

கண்டியில் ஏரிக்கு மேலே, படி ஏறி மூச்சு வாங்குகிற உயரத்தில் இருந்தது எங்கள் வானொலி நிலையம். நாள் முழுக்கச் சிங்கள ஒலிபரப்பு, நடுவில் தமிழுக்குக் கொஞ்ச நேரம். குரல் தேர்வில் தேறி, மூன்று மாதம் ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துச் சொல்லப் பழகி, ஒப்பந்த அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ரெக்கார்ட்டுத் தட்டுகள் இருந்த அலுமாரியில் கசெட்டுகளும் இடம் பிடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

ஞாயிறு பகல் ஒரு மணித்தியாலம் பழைய பாட்டு நிகழ்ச்சி. ஆமாம், நாங்கள் செய்ததும் இதே வியாபாரம்தான். அன்றைக்கும் 'பொற்காலம்' என்றுதான் சொன்னோம். இன்றைக்கு இவர்கள் பொற்காலம் என்று உருகுகிற பாட்டுகளை அன்றைக்கு நாங்கள் காட்டுக் கத்தல் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். எனக்குத் 'தேன் குரல்' என்று நேயர்கள் பட்டம் கொடுத்தார்கள். அதை நம்பி, கண்ணாடிக்கு முன்னால் நின்று என் பெயரை நானே அறிவித்துப் பார்த்த நாட்களும் உண்டு. வெட்கக்கேடு.

நிகழ்ச்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் குலநாயகம் சேர். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பென்சில். சினிமாப் பாட்டு ஒன்றுகூட அவருக்குப் பிடிக்காது. பாட்டு ஓடும்போது ஒலிபெருக்கியைத் தணித்து வைத்துவிட்டுக் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாட்டை ஆர் கேக்கினம் தம்பி? சனம் கேக்கிறது தன்ர பேரை" என்பார்.

அட்டை என்றால் தபாலட்டை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். டவுனிலிருந்து வருகிற அட்டையில் ஒரு வீட்டின் பெயர்கள் மட்டும் இருக்கும். தேயிலைத் தோட்டத்து அட்டை அப்படியல்ல. ஒருவர் அட்டை வாங்கினால், லயம் என்கிற அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் நாலைந்து வீடுகளும் பெயர் கொடுக்கும். இடமில்லாமல் பொடி எழுத்தில், முகவரிப் பக்கம் வரைக்கும் பெயர்கள் போகும். எந்த வீடு எங்கே முடிகிறது என்று எழுதியிருக்காது, வெறும் காற்புள்ளிதான். குலநாயகம் சேர் ஒவ்வொரு பெயராக உதடசைத்துப் படித்து, வீடு முடிகிற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். பெரியவர்கள் பெயர் முதலில், பிள்ளைகள் பெயர் பின்னால் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அதனால் மறுபடி ஒரு பெரியவர் பெயர் வந்தால் அடுத்த வீடு தொடங்கிவிட்டது என்று பொருள்.

கோடு இருக்கிற இடத்தில் மட்டும்தான் நாங்கள் மூச்சு விடலாம். ஒரு வீட்டுக்கு ஒரு மூச்சு. பதின்மூன்று பேர் உள்ள வீடாக இருந்தாலும் அடக்கிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். மைக்குக்கு முன்னால் கண் பிதுங்கியிருக்கிறேன்.

இதைக் கேட்டால் இப்போதுள்ளவர்களுக்குச் சிரிப்பு வரும். லயத்தில் ஒரு ரேடியோ சத்தமாகப் பாடினால் வரிசையில் உள்ள எல்லா வீட்டுக் காம்பராவுக்கும் கேட்கும். ஒரே மூச்சில் வந்த பெயர்களை ஒரே குடும்பமாகத்தான் அவர்கள் கேட்டார்கள். பாகம் பிரிந்து போன அண்ணன் தம்பியை நான் ஒரே மூச்சில் வாசித்ததற்கு, 'எங்களை யார் சேர்த்து வைத்தது?' என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். அது சின்ன விஷயம். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டோம், முடிந்தது.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்து அட்டை அப்படி முடியவில்லை.

அந்தக் கிழமை குலநாயகம் சேர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை கோடு போட ஆள் இல்லை. கோடு போட்டால்தானா வாசிப்பேன், இரண்டு வருடப் பழக்கம் இருக்கிறது என்று எனக்கு ஒரு திமிர். ஞாயிற்றுக்கிழமை தடிமன் வேறு. மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டையில் ஆறு பெயர்கள். பெருமாள், லெட்சுமி, யோகேஸ்வரி, ஜெயபாலன், முத்தையா, ராமாயி. அனுப்பியவர் பெயர் இல்லை, 'மேல் லயத்து ரசிகர்கள்' என்று மட்டும் இருந்தது. பெருமாள், லெட்சுமி என்று வாசித்ததும் மூச்சு முட்டிவிட்டது. ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு, யோகேஸ்வரி, ஜெயபாலன், முத்தையா, ராமாயி என்று ஒரே ஓட்டமாக முடித்தேன். பாட்டைப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினேன்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் நிலையத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், கோட்டும் சாரமுமாக, வத்தேகமப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குலநாயகம் சேர் அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். கதிரையைக் காட்டினார். வந்தவர் உட்காரவில்லை.

"நான் பெருமாளுங்க. யோகேஸ்வரி எம்மக. ஞாத்துக்கெழம ரேடியோவுல எம்மக பேர அடுத்த வீட்டுப் பேரோட சேத்து வாசிச்சுட்டாங்க" என்றார்.

"அதில என்ன பிரச்சினை?" என்று சேர் கேட்டார்.

"புள்ளைக்கு புசல்லாவையில பரிசம் போட்டாச்சுங்க. அடுத்த மாசம் கல்யாணம். அவங்களும் ரேடியோ கேக்குறவங்கதான். நேத்து ஆளு அனுப்பி, ஒங்க புள்ள இப்ப எந்த வீட்டுல இருக்குன்னு கேக்குறாங்க. காலையில வேலைக்குப் பிரிக்கிற பிரட்டுக் களத்துல பேரு கூப்புடுறப்ப எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. நான் என்னான்னு சொல்றது?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

குலநாயகம் சேர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, எங்க மூச்சு விட்டனீர்?"

"லெட்சுமிக்குப் பிறகு, சேர்."

அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். பெருமாள் கையை நீட்டி, "யாரு எழுதுனதுன்னு நான் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். சேர் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "இது நிலையத்துக்கு வந்த கடிதம். வெளியாக்களுக்குக் காட்டேலாது. பிழை எங்கட. வாற ஞாயிறு இதே பேரையெல்லாம் ஒழுங்கா வாசிப்பம். உங்கட வீடு வேற, அந்த வீடு வேற எண்டு கேக்கிற எல்லாருக்கும் விளங்கும். புசல்லாவை ஆக்களையும் கேக்கச் சொல்லுங்கோ" என்றார்.

"தப்பா வாசிச்சுட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா..."

"அப்பிடிச் சொன்னா, போன முறை கேக்காத சனமும் என்ன நடந்ததெண்டு விசாரிக்கும். உங்கட மகளின்ர பேர் இன்னும் நாறும். வாசிச்சா மட்டும் போதும்."

பெருமாள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "வாக்குத்தானுங்களே?" என்றார். சேர் "ஓம்" என்றார்.

அவர் படி இறங்கிப் போன பிறகுதான் சேர் அட்டையை நிமிர்த்தினார். "தகப்பன்ர வீடு மேலயிருந்து கீழ எழுதிக் கிடக்கு. தகப்பன், தாய், மகள். மற்ற வீட்டைப் பாரும். மகன்ர பேர் முன்னுக்கு, தாய் தகப்பன் பின்னுக்கு. ஆரும் இப்பிடி எழுதுறவையா?" என்றார். நான் பார்த்தேன். யோகேஸ்வரியும் ஜெயபாலனும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி யாரோ யோசித்து எழுதியிருந்தார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, என் வேலை போகுமா என்கிற பயத்தில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமைத் தபாலில் இரண்டாவது அட்டை வந்தது. அதே கையெழுத்து, அதே ஆறு பெயர்கள், அதே வரிசை. கீழே இரண்டு வரி எழுதியிருந்தது. 'அண்ணா, அப்பா வந்து போனது தெரியும். போன கிழமை வாசித்தது போலவே வாசியுங்கள், திருத்த வேண்டாம்.'

அவள்தான் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. முதல் அட்டையில் அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தன் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயர், அவ்வளவுதான். நடுவில் நாங்கள் மூச்சு விடுவோம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். என் தடிமன் அவளை ஒரேயடியாக அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டது. அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. புசல்லாவைக்காரர்கள் சந்தேகப்படத் தொடங்கியிருந்தார்கள். இன்னொரு தரம் அதேபோல வாசித்தால் சம்பந்தமே வேண்டாம் என்று போய்விடுவார்கள். திருத்தி வாசித்தால் கல்யாணம் நடக்கும்.

குலநாயகம் சேர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். லெட்சுமிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு யோகேஸ்வரிக்குப் பக்கத்தில். பிறகு பென்சிலைச் சட்டைப் பையில் திரும்பச் செருகிவிட்டார். நான் அவரோடு வேலை செய்த காலத்தில் அவர் பென்சிலை எடுத்தும் கோடு போடாத அட்டை அது ஒன்றுதான்.

"எனக்கு இதில கோடு போடத் தெரியேல்லை. தகப்பனுக்கு வாக்குக் குடுத்தது நான். ஆனா மூச்சு உம்மடது. நீர் எப்பிடி வாசிச்சாலும் நான் பொறுப்பெண்டு எழுதிக் குடுக்கிறன்" என்றார்.

அவரை அதற்கு முன் நான் ஒரு சட்டப் புத்தகம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனிதர் எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். எனக்கு அது கதவாகத் தெரியவில்லை. என் ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கும் கடிதம் மேலிடத்தில் இருந்தது. ஒரே பிழையை இரண்டு முறை செய்த அறிவிப்பாளன் என்று பெயர் வந்தால் என்ன ஆவது என்று இரண்டு இரவு யோசித்தேன். அவளைப் பற்றி அதில் பாதி நேரம்கூட யோசிக்கவில்லை. யோசித்தபோதும், நாளைக்கு அந்தப் பையன் கைவிட்டால் பழி யாருக்கு, தகப்பனின் மானம் என்ன ஆகும் என்று பெரிய மனிதன் போல நியாயம் கட்டிக்கொண்டேன். எல்லாம் பயந்தவன் பேசுகிற பேச்சு.

ஞாயிறு வந்தது. தடிமன் சுத்தமாக விட்டிருந்தது. பெருமாள், லெட்சுமி, யோகேஸ்வரி. நிறுத்தினேன். சாதாரண மூச்சு இல்லை, மடுல்கெல்லயிலும் புசல்லாவையிலும் ஒருவருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு நீளமான மூச்சு. மைக் நின்றுவிட்டதோ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களத் தொழில்நுட்ப உதவியாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஜெயபாலன், முத்தையா, ராமாயி. அழகாகக்கூட வாசித்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தேன். சேர் வராந்தாவில் நின்றிருந்தார்.

"சரியா வாசிச்சனீர்" என்றார். அந்த இரண்டாவது அட்டையை மற்ற அட்டைகளோடு கட்டி வைக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என் வாசிப்பைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொன்னதில்லை.

கல்யாணம் நடந்தது. பெருமாள் நிலையத்து முகவரிக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தார், மேலே மஞ்சள் தடவி, 'ரேடியோ ஐயாமார்களுக்கு' என்று. நாங்கள் இருவரும் போகவில்லை. என் வேலையும் நிரந்தரமானது. அதற்குப் பிறகு முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பொற்காலம், பொற்காலம் என்று சொல்லிச் சம்பளம் வாங்கினேன். அந்தக் கால அட்டைகளில்தான் எத்தனை அன்பு, எத்தனை வெள்ளந்தி என்று இப்போது இவர்கள் என்னிடமே சொல்லும்போது வாயில் வருகிறதை அடக்கிக்கொள்கிறேன். அன்பாம். ஒரு பெண் தன் வாழ்க்கையை இரண்டு பெயருக்கு நடுவில் உள்ள இடைவெளியில் வைத்து எங்களிடம் நீட்டினாள். நாங்கள் அதற்கு இலக்கணம் பார்த்தோம்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, புசல்லாவைத் தபால் முத்திரையோடு ஓர் அட்டை வந்தது. சேர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். கோடு போடுகிற வேலை என்னிடம் வந்திருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரே வீட்டுப் பெயர்கள்தான். மாமனார், மாமியார், மூத்தவர், அவர் மனைவி, நடுவில் அவள் புருஷன், கொழுந்தன்கள், நாத்தனார் பிள்ளைகள். அழைப்பிதழில் படித்த பெயர் என்பதால் புருஷன் யார் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களை வரிசையை வைத்து ஊகித்துக்கொண்டேன். மேலிருந்து கீழே, ஒழுங்காக, எல்லோரையும் எழுதியிருந்தாள். தன் பெயரை மட்டும் எழுதவில்லை. அட்டையைத் திருப்பி முகவரிப் பக்கமும் தேடினேன். அங்கேயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். பத்துப் பெயர். கடைசிப் பெயரையும் வாசித்து முடித்த பிறகு, இன்னும் ஒரு பெயருக்கு என்னிடம் மூச்சு இருந்தது. அவள் பெயர் எனக்குத் தெரியும். சேர்த்துச் சொல்லியிருந்தால் ஏன் என்று யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. சொல்லாமல் பாட்டைப் போட்டுவிட்டேன்.